இந்தக் கயிறு எங்கே போகிறது?

நாம் பணியாற்றும் பள்ளியின் நூலக அறையில், கண்ணாடிப் பேழை ஒன்றினுள், மூன்று பாய்மரங்களைக் கொண்ட பழங்காலப் போர்க்கப்பலின் மாதிரி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதனைச் செய்தோர் நாமே. காண வருவோர் முதலிற் கேட்பது, 'இதைச் செய்ய எவ்வளவு காலம் ஆயிற்று?' என்பதாகும். அடுத்துக் கேட்பது, 'இத்தனை நூலையும் எப்படித்தான் கட்டினீர்கள்?' என்பதாகும். பேழையின் அடியில் ஒரு சிறு அட்டை உண்டு. கப்பலின் பெயரையும் அளவையும் அதில் எழுதியபின், கடைசி வரியாக, 'இம்மாதிரியில் நான்கு கயிறுகள் கட்டப்படவில்லை. அவை முடியும் இடம் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறோம். அவ்வரியில் 'நான்கு' என்னும் சொல்லை அடித்து, அதன்மேல் 'மூன்று' என்று திருத்தியும் இருக்கிறோம்.

இவ்வரியைப் படித்துச் சிலர் சிரிக்கின்றனர். சிலர், 'இதைப் போய் எழுதி வைப்பானேன்? இத்தனை நூறு கயிறுகளுக்கு இடையில் மூன்று இல்லை என்பதனை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?' என்று அன்போடு கடிந்துகொள்கின்றனர். பேழையின் அருகே நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விடையன்று அது. ஆதலின் ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

கடலுக்கும் நமக்கும் உள்ள உறவு, கரையோடு நின்றுவிட்ட உறவு. பிறந்தது கடற்கரை ஊர். ஆயினும் ஓதியதும் ஓதிக்கொடுப்பதும் சுவர்களுக்கு உள்ளேதான். ஏழாண்டுகள் மதரஸாவில் கிதாபுகளோடு கழிந்தன. பின்னர்த் தமிழும் முறையாகக் கற்று, இரு மொழிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் சென்றுகொண்டிருக்கிறது. கையால் செய்யும் வேலை என்று நாம் அறிந்திருந்தது ஒன்றே ஒன்று. நம் வாப்பா மர்ஹூம் அவர்கள் அரபுத்தமிழ் ஏடுகளைப் படியெடுத்து எழுதும் பழக்கம் உடையவர்கள். அவர்களிடம் ஒரு 'மிஸ்தரா' இருந்தது. கனத்த அட்டையின்மேல் சம இடைவெளியில் நூல்களை இழுத்துக் கட்டியிருக்கும். தாளை அதன்மீது வைத்து விரலால் தேய்த்தால் நூலின் தடம் தாளில் பதியும். எழுத்து அத்தடத்தின் வழியே நேராகச் செல்லும். நூல் தளர்ந்தால் வரி கோணும். தளர்ந்த நூலை அவிழ்த்து, தேன்மெழுகு தேய்த்து, மீண்டும் இழுத்துக் கட்டும் பணி சிறுவயதில் நமக்கு உரியதாக இருந்தது. அரைநூற்றாண்டைக் கடந்தபின் அதே மெழுகும் அதே நூலும் மீண்டும் நம் கைக்கு வரும் என்று அன்று நினைத்தோமில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் வடபகுதியில் வேலை பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்னர் விடுமுறையில் ஊர் வந்தபோது, சுருட்டிய வரைபடத் தாள்கள் சிலவற்றைக் கொணர்ந்து நம் முன்னே விரித்தார். "உஸ்தாத், இது நம் பக்கத்துக் கப்பல்" என்றார். தாளின் தலைப்பில் இருந்த பெயரைப் படித்ததும் வியப்படைந்தோம். அது திருக்கோணமலையின் ஆங்கிலப் பெயர்: டிரிங்கோமலி.

அக்கப்பலின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். நெப்போலியனோடு நடந்த நெடும்போர்களினால் பிரிட்டனில் கப்பல் கட்டும் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்திருந்த காலம். பம்பாய்த் துறையிலோ தேக்கு மரமும் இருந்தது. அதனை இழைக்கத் தெரிந்த கைகளும் இருந்தன. வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே கப்பல் கட்டி வந்தனர். 1812இல் ஒரு போர்க்கப்பலுக்கு அவர்களிடம் ஆணை போயிற்று. அதன் வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து ஏற்றி வந்த கப்பலின் பெயர் ஜாவா. அஃது 1812 டிசம்பர் 29 அன்று, பிரேசில் கரைக்கு அப்பால், கான்ஸ்டிடியூஷன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலிடம் தோற்று, பின்னர்த் தீயிடப்பட்டு அழிந்தது. வரைபடங்களும் அதனோடு போயின. மீண்டும் ஒரு படி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் தலைமைக் கப்பற்சிற்பி, தம் சமய மரபுப்படி வெள்ளி ஆணி ஒன்றை அடிமரத்தில் அறைந்து வேலையைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கிற்று. 1782இல் இலங்கையின் அக்கரையோரம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாக அதற்கு அப்பெயர் இடப்பட்டது. பின்னாளில் வேறு பெயரோடு நெடுங்காலம் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1992இல் தன் பழைய பெயரை மீண்டும் பெற்றது. 2001இல் அதன் செப்பனிடும் பணி முற்றுப்பெற்றது. இன்று ஹார்ட்டில்பூல் துறையில் நிற்கிறது. இன்னும் நீரில் மிதந்துகொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழையது என்பர்.

படியெடுத்தது தொலைந்து, மீண்டும் படியெடுக்கப்பட்டு உருவான கப்பல் என்பதே நம்மை முதலில் ஈர்த்தது. ஏடெழுதியவரின் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? இன்னுமொரு படியை நாமும் எடுத்துப் பார்ப்போமே என்று துணிந்தோம்.

அளவு, தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. அதாவது கப்பலின் ஓரடி, மாதிரியில் அரைக்கால் அங்குலம். பீரங்கித் தளத்தில் ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள கப்பல், நம் மேசையின்மேல் பதினெட்டே முக்கால் அங்குலத்தில் அடங்கிவிடும். உடற்பகுதியைச் செய்து முடிக்க இரண்டாண்டுகள் ஆயின. அதைப்பற்றி ஈண்டு விரிக்கவில்லை. மரவேலை தெரிந்த எவரும் நம்மைவிட நன்றாகவே செய்திருப்பர். கயிற்று வேலை தொடங்கிய இடத்தில்தான் நம் சோதனையும் தொடங்கிற்று.

பாய்க்கப்பலின் கயிறுகள் இரு வகையின. பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்துப் பிடித்து நிறுத்துபவை நிலைக்கயிறுகள். இவை அசைவதில்லை, மழையும் உப்புநீரும் ஊறாதபடி தார் பூசப்படுதலால் கறுத்திருக்கும். பாயை விரிக்கவும் சுருக்கவும், பாய் தொங்கும் பருமலை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படுபவை இயங்கு கயிறுகள். இவை கப்பிகளின் வழியே ஓடி, தளத்தில் நிற்கும் மாலுமியின் கைக்கு வந்து சேரும். சணலின் இயல்பான நிறத்தோடு இருக்கும். இவ்விரு நிறங்களை மாற்றிக் கட்டினாலே போதும். மாதிரி பொய்யென்பது விஷயம் தெரிந்தவருக்கு முதற்பார்வையில் புலப்பட்டுவிடும்.

கடைகளில் கிடைக்கும் தையல்நூல் இதற்கு உதவாது. அதன் முறுக்கு கயிற்றின் முறுக்குப்போல் இருப்பதில்லை. ஆதலின் மெல்லிய நூல்களைத் திரித்து நாமே கயிறு செய்யத் தொடங்கினோம். பழைய கடிகாரத்தின் பற்சக்கரங்களைக் கொண்டு ஒரு முறுக்குப் பொறி அமைத்தோம். பெரும்பாலான கயிறுகள் மூன்று புரிகளை வலப்புறமாக முறுக்கியவை. நங்கூர ஆலாத்துப் போன்ற பெருங்கயிறுகளோ, அவ்வாறு முறுக்கிய மூன்று கயிறுகளை மீண்டும் இடப்புறமாக முறுக்கியவை. இந்த வேறுபாட்டை வெறுங்கண்ணால் காண்பது அரிது. ஆயினும் ஒளி சாய்வாக விழும்போது, ஒன்று ஒருபுறமும் மற்றொன்று மறுபுறமும் சரிந்திருப்பது தெரியும்.

ஒவ்வொரு கயிற்றுக்கும் உரிய கனத்தை அறிய, டேவிட் ஸ்டீல் என்பவர் 1794இல் வெளியிட்ட நூலின் அட்டவணைகள் நமக்குக் கிடைத்தன. பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கயிறுகளைக் கட்ட முனைந்தோம். ஒன்பது அங்குலம் என்று கணக்கிட்டு, அதனைத் தொண்ணூற்றாறால் வகுத்து, இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனத்தில் கயிறு முறுக்கினோம். முறுக்கவே மூன்று வாரங்கள் பிடித்தன.

கயிற்றின் அடிநுனி ஒரு வட்டக் கட்டையைச் சுற்றி அமர வேண்டும். அக்கட்டையில் மூன்று துளைகள் உண்டு. அதுபோன்றதே மற்றொரு கட்டை கப்பலின் பக்கத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் மெல்லிய கயிறொன்று ஏறியும் இறங்கியும் ஓடும். அதனை இழுத்தால் மேலே உள்ள கயிறு இறுகும். கண்ணுள்ள முகம்போல் தோன்றுவதாலோ என்னவோ, 'செத்த கண்' என்று பொருள்படும் பெயரை ஆங்கில மாலுமிகள் இதற்கு இட்டனர். நாம் முறுக்கிய கயிறு அக்கட்டையின் விளிம்புப் பள்ளத்தில் அமரவே மறுத்தது. கட்டையையே மூடிவிட்டது. அட்டவணை பிழையாக இருக்க முடியாது. ஆகவே கட்டையைத்தான் சிறிதாகச் செய்துவிட்டோம் என்று முடிவு கட்டினோம். எல்லாக் கட்டைகளையும் பெரிதாக மீண்டும் செய்ய உட்கார்ந்தோம்.

அப்போதுதான் நம் மச்சான் வந்தார். நம் லாத்தாவின் கணவரான அவர், இளமையில் தூத்துக்குடித் தோணிகளில் பாய்விரித்துக் கொழும்புக்குப் போய் வந்தவர். எழுபதைக் கடந்தும் கயிற்றைக் கண்டால் கை சும்மா இராது. நாம் முறுக்கிய கயிற்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு, ஆலிம்சா? நங்கூரத்துக்கா?"

பாய்மரத்தின் பக்கக் கயிறு என்றோம். அட்டவணையைக் காட்டினோம். ஒன்பது அங்குலம் என்பதனைப் படித்தும் காட்டினோம். அவர் சற்று நேரம் நம்மையே பார்த்தார்.

"கயித்தை எவனாவது குறுக்கே அளப்பானா? சுத்தித்தானே அளப்பான்! கடையில மூணு அங்குலக் கயிறுன்னு கேட்டா, சுத்தளவுதானே கணக்கு?"

மூன்று வாரத்து உழைப்பு நம் கண்முன்னே மதிப்பிழந்தது. ஒன்பது அங்குலம் என்பது கயிற்றின் குறுக்களவன்று, சுற்றளவு. குறுக்களவு மூன்று அங்குலத்துக்கும் சற்றுக் குறைவே. மாதிரியில் அது முக்கால் மில்லிமீட்டர்தான். நாம் செய்திருந்தது மூன்று மடங்குக்கும் மேல் பருத்த கயிறு.

பிழையைவிட, பிழைக்குப் பின் நாம் செய்யத் துணிந்ததே நம்மை வெட்கச் செய்தது. ஏடுகளைப் படிக்கும்போது, எழுதியவன் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு சொல்லுக்குப் பொருந்தும்படி, சரியாயிருந்த அடுத்த சொல்லையும் மாற்றி வைத்திருப்பதைக் கண்டு நாம் எத்தனையோ முறை நகைத்திருக்கிறோம். அதே வேலையைத்தான் நாமும் செய்துகொண்டிருந்தோம். கட்டை சரியாக இருந்தது. கயிறு அதில் அமர மறுத்து நமக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாமோ கட்டையைத் திருத்தப் புறப்பட்டோம்.

அன்றிலிருந்து மச்சான் வாரத்தில் இரு நாட்கள் அஸர் தொழுகைக்குப் பின்னர் வந்து அமர்வது வழக்கமாயிற்று. போர்க்கப்பலை அவர் அறியார், ஆங்கிலமும் அறியார். ஆனால் பாயும் காற்றும் கயிறும் எங்கும் ஒன்றுதானே. 'மாலுமி' என்னும் நம் சொல், 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆசிரியர் என்பது அதன் பொருள். 'சுக்கா'னும் அரபிலிருந்து வந்ததே. இவற்றை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்து வந்தோம். மாலுமி ஒருவர் நமக்கே முஅல்லிமாக வந்து அமர்ந்தபோதுதான் அச்சொல்லின் பொருள் விளங்கிற்று.

அவரிடமிருந்தும் நூல்களிலிருந்தும் கற்றவற்றுள் சிலவற்றையேனும் சொல்ல வேண்டும். பக்கக் கயிறுகளை ஒரு பக்கம் முழுவதும் கட்டி முடித்துவிட்டு மறுபக்கம் போகலாகாது, பாய்மரம் சாய்ந்துவிடும். நீண்ட கயிறொன்றை நடுவில் மடித்துப் பாய்மரத்தின் தலையில் மாட்டினால் அஃது இரு கயிறுகளாகும். முதல் இணையை வலப்புறம் முன்னால் இறக்க வேண்டும். அடுத்த இணையை இடப்புறம். இவ்வாறு மாறி மாறி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வர வேண்டும். கப்பலில் அப்படித்தான் செய்தார்கள். மாதிரியிலும் அப்படிச் செய்தால்தான் மரம் நிமிர்ந்து நிற்கிறது. எல்லாவற்றிலும் முன்னால் இருக்கும் பக்கக் கயிற்றின்மேல் மட்டும், உச்சியிலிருந்து அடிவரை மெல்லிய கயிறு நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். பாய் உராய்ந்து தேய்வது அக்கயிறுதான் என்பதே காரணம். அச்சுற்று இல்லாத மாதிரியைக் கண்டால், 'இதில் பாய் உராயவே இல்லையா?' என்று கேட்கத் தோன்றும்.

பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்கான படிக்கயிறுகள் உண்டு. கப்பலில் ஓரடிக்குச் சற்று மேலான இடைவெளி; நமக்கு மூன்றரை மில்லிமீட்டர். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகளை நாம் இட்டோம். முடிச்சுப் போடும்போது சற்றே அதிகமாக இழுத்தால், பக்கக் கயிறுகள் உள்வாங்கி இடை சிறுத்த உருவமாகிவிடும். நூலைச் சுடரின் அருகே விரைந்து ஓட்டினால் அதன்மேல் உள்ள பஞ்சு எரிந்து போகும். பின்னர் மெழுகு தேய்க்க வேண்டும். பருத்தி நூலும் சணல் நூலும் ஈரத்தில் சுருங்கும், வெயிலில் தளரும். நம் ஊரின் ஐப்பசி மழையில் விறைப்பாகக் கட்டிய கயிறுகள் பங்குனியில் தொய்ந்தன. வறண்ட நாளில் முழு விறைப்பாகக் கட்டியவை மழையில் இறுகி மரத்தையே வளைத்தன. நடுத்தரமான நாளில், நடுத்தரமான விறைப்பில் கட்டுவதே தக்கது என்று இரண்டு பருவங்களைக் கடந்தபின் அறிந்தோம்.

முடிவு வேலைகளும் இத்தகையவையே. மாதிரியை ஓரடித் தொலைவில் நின்று பார்ப்பது, உண்மைக் கப்பலைத் தொண்ணூற்றாறு அடித் தொலைவில் நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். அவ்வளவு தூரத்தில் வண்ணம் பளபளக்காது. சற்றே வெளிறித் தோன்றும். ஆதலின் மினுக்கும் பூச்சு ஆகாது. ஈயத்தில் வார்த்த பீரங்கிகளை ஓக் போன்ற மரப் பேழைக்குள் அடைத்து வைத்தால், மரத்திலிருந்து வெளிப்படும் அமில ஆவியால் அவை நாளடைவில் வெள்ளைப் பொடியாகிவிடும். ஆகவே பித்தளையில் கடைந்து வைத்தோம். கயிற்றின் மிச்சப் பகுதியைச் சுருளாக்கி, கட்டும் முளையில் தொங்கவிட வேண்டும். உண்மைக் கயிறு தன் கனத்தால் தொங்கும். நம் நூலுக்குக் கனம் ஏது? அது கம்பிபோல் விறைத்து நிற்கும். நீர்த்த பசையில் நனைத்து, ஊசியால் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, உலரும்வரை காத்திருந்தால்தான் தொங்குவதுபோல் தோன்றும். ஒரு சுருளுக்குக் கால்மணி நேரம்.

இயங்கு கயிறுகளுக்கு வந்தபோது மச்சான் ஒவ்வொன்றையும் தொட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: "இந்தக் கயிறு எங்கே போகுது?" எந்தப் பருமலில் புறப்பட்டு, எந்தக் கப்பியில் நுழைந்து, எந்த முளையில் கட்டப்படுகிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், "அப்போ அது கயிறு இல்லை, வெறும் நூல்" என்பார்.

இவ்வேலை நடந்துகொண்டிருக்கையில் பள்ளியின் ஆண்டு விழா நெருங்கியது. மாதிரியைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நாமும் இசைந்துவிட்டோம். மச்சான் அம்மாதம் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். பதினொரு கயிறுகள் மிஞ்சியிருந்தன. வரைபடத்தில் அவை தளத்தை அடையும் இடம் தெளிவாக இல்லை. தேடிப் பார்க்க நாளும் இல்லை. மேல்நுனிகளை உரிய இடங்களில் கட்டினோம். கீழ்நுனிகளைப் பாய்மரத்தின் பின்னாலும், படகின் அடியிலும், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பசையிட்டு ஒட்டி வைத்தோம். எவரும் அறியார் என்று நம் மனத்துக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

அவ்வாறே எவரும் அறியவில்லை. வந்தவர்கள் வியந்தார்கள், பாராட்டினார்கள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். கடைசிப் பாய்மரத்தில் உள்ள பருமலின் முனையைக் காட்டி, "உஸ்தாத், மற்றப் பருமல்களிலிருந்து கயிறு பின்பக்கம் போகிறது. இதில் மட்டும் முன்பக்கம் போகிறதே? இதை இழுத்தால் எது அசையும்?" என்று கேட்டான்.

பருமலைக் காற்றுக்கு ஏற்பத் திருப்பும் கயிறு அது என்பது நமக்குத் தெரியும். அப்படிச் சொன்னால், 'இழுப்பவர் எங்கே நிற்பார்?' என்று அடுத்து அவன் கேட்பான் என்பதும் தெரியும். அதன் நுனி நடுப் பாய்மரத்தின் பின்னே பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பெரியோர் பலர் நின்றிருந்தனர். "அது இழுக்கும் கயிறு அன்று, தம்பி. மரத்தைத் தாங்குவதற்காக நிலையாகக் கட்டியது" என்றோம். அவன் தலையசைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

அவன் எழுதிக்கொண்டதுதான் நம்மை உறங்கவிடவில்லை. சொல்லிப் போயிருந்தால் காற்றோடு போயிருக்கும். எழுத்தில் ஏறிவிட்டது; நம் பெயரால் ஏறிவிட்டது. ஹதீஸ் கலையில் ஸனது என்பது இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர். அத்தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அறுந்தது என்றே சொல்லி வைப்பார்கள். அது குறையே அன்றிக் குற்றமன்று. அறுந்த இடத்தை அறுந்ததாகக் காட்டாமல் மறைத்து, இணைந்திருப்பதுபோல் தோன்றச் செய்வதற்குத் 'தத்லீஸ்' என்று பெயர். அச்சொல்லுக்கு விளக்கம் சொல்லிக்கொடுத்த நம் கைகளே பதினொரு நுனிகளைப் பசைக்குள் மறைத்திருந்தன.

'ஒரு விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை விசாரமா?' என்று சிலர் கருதலாம். நாமும் அவ்வாறு கருதித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தோம். அந்நாளில்தான் வேறொரு மாதிரியைப்பற்றிப் படிக்க நேர்ந்தது. முன்னே சொன்னோமே, நம் கப்பலின் வரைபடங்களை ஏற்றி வந்த ஜாவாவை அழித்த கான்ஸ்டிடியூஷன் என்று, அதன் மாதிரி அது. அக்கப்பலின் மாலுமிகளே தங்கள் கையால் செய்து, தங்கள் தளபதியாக இருந்த ஐசக் ஹல்லுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இன்று அமெரிக்காவின் சேலம் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலின் கயிறுகளுக்கு ஆயுள் குறைவு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை மாற்றப்பட்டே ஆக வேண்டும். மாற்றுந்தோறும் வழக்கங்கள் மாறும். நூறாண்டு கழிந்து, 'முதலில் இது எப்படி இருந்தது?' என்று கேட்டால், கப்பலுக்கே அது தெரியாது. கான்ஸ்டிடியூஷனைப் பிற்காலத்தில் செப்பனிட்டவர்கள், அம்மாலுமிகள் செய்த சிறு மாதிரியையும் ஒரு சான்றாகக் கொண்டு பார்த்தனர். பெரியதற்குச் சிறியது சாட்சி சொல்லிற்று. அந்த மாலுமிகளுள் ஒருவன், 'இதை யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று எண்ணி ஒரு நுனியை ஒளித்து வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்!

நம் மாதிரியைப் பார்த்து எவரும் கப்பலைச் செப்பனிடப் போவதில்லை. எனினும் சாட்சி சொல்பவன், தன் சாட்சியை யார் கேட்கப் போகிறார்கள் என்று பார்த்தா உண்மை பேசுவது?

விடுமுறையில் மாதிரியை வீட்டுக்கு எடுத்து வந்தோம். பதினொரு கயிறுகளையும் அறுத்தோம். பசை பிடித்திருந்த இடங்களைச் சுரண்டும்போது, அருகில் சரியாகக் கட்டியிருந்த சிலவும் அறுந்தன. மச்சான் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. கடைசிப் பாய்மரத்துக் கயிற்றை மட்டும் காட்டி, "இதுக்கு எதுக்கு நூல் பார்க்கணும், ஆலிம்சா? கடைசி மரத்துக்குப் பின்னால என்ன இருக்கு? கடல்தானே! பின்னால நின்னு இழுக்க இடமில்லாதவன் முன்னால நின்னுதான் இழுப்பான்" என்றார். அம்மரத்தின் பருமல்களைத் திருப்பும் கயிறுகள் முன்னோக்கிச் சென்று, நடுப் பாய்மரத்துக் கப்பிகளின் வழியே தளத்துக்கு இறங்குகின்றன என்பதனைப் பின்னர் நூல்களிலும் கண்டு உறுதி செய்துகொண்டோம். இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடி, ஏழு கயிறுகளுக்கு முடிவிடம் கண்டோம். நான்கு மிஞ்சின. அவற்றைக் கட்டாமலே விட்டு, அட்டையில் அவ்வரியை எழுதினோம்.

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புக்குச் சென்றோம். "ஆண்டு விழா அன்று இம்மாணவர் கேட்ட கேள்விக்கு நாம் தவறான விடை சொன்னோம். அறியாமல் சொன்னதன்று. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னது" என்று எல்லார் முன்னிலையிலும் கூறினோம். சொல்வதற்கு முன்னர் அது பெரிய மலைபோல் இருந்தது. சொன்ன பின்னர், பிள்ளைகள் எவரும் அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவன் குறிப்பேட்டை எடுத்து, பழைய வரியை அடித்துவிட்டு, "அப்படியானால் எது சரி, உஸ்தாத்?" என்றான். தெரிந்ததைச் சொன்னோம்; எழுதிக்கொண்டான். "அந்த நான்கு கயிறும் எங்கே போகும்?" என்றான். "தெரியவில்லை" என்றோம். அதனையும் எழுதிக்கொண்டான்.

அதன்பின் இடைவேளைகளில் அவனைப் பெரும்பாலும் பேழையின் அருகேதான் காண முடிந்தது. ஒருநாள் வந்து, "உஸ்தாத், நடுப் பாய்மரத்தின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை வெறுமையாக இருக்கிறது. கயிறில்லாத முளையை ஏன் வைத்தார்கள்?" என்று கேட்டான். முளைகளை வரைபடத்தில் கண்டவாறே நட்டிருந்தோமே அன்றி, எண்ணிப் பார்த்தோமில்லை. இங்கிலாந்திலுள்ள நம் மாணவருக்கு எழுதினோம். அவர் ஒரு விடுமுறை நாளில் ஹார்ட்டில்பூலுக்குப் போய், அவ்விடத்தைப் பல கோணங்களில் படம் பிடித்து அனுப்பினார். நான்கு கயிறுகளுள் ஒன்று, அதே முளையில் வந்து முடிந்திருந்தது. இன்று நாம் காண்பது செப்பனிட்ட கப்பலே ஆதலின் அதுவொன்றே முடிந்த சான்றாகாது; ஆயினும் முளையும் படமும் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

சென்ற மாதம், மச்சான் அருகிலிருக்க, அக்கயிற்றை அப்பையனையே கொண்டு கட்டச் செய்தோம். அவன் விரல்கள் நம்முடையவற்றைவிடச் சிறியவை, நடுக்கமும் இல்லை. முடிச்சிட்டு, சுருளைத் தொங்கவிட்டு, நிமிர்ந்தான். மச்சான் வழக்கம்போல் மேலிருந்து விரலால் கயிற்றைக் காட்டிக்கொண்டே வந்து, "இது எங்கே போகுது?" என்றார். பையன் முளையைத் தொட்டுக் காட்டினான்.

அட்டையை வெளியே எடுத்து, 'நான்கு' என்பதனை அடித்து, 'மூன்று' என்று எழுதினோம். புதிய அட்டையாக எழுதி வைக்கலாமே என்று நூலகர் சொன்னார். வேண்டாம், அடித்த சொல்லும் அப்படியே தெரியட்டும் என்றோம்.